ஆம்புலன்சில் போன நாற்காலிகள்

சிகாகோவில் கூரை வேலையும் ஓட்டல் வேலையும் பார்க்கும் ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் சொந்த ஊரான சான் எலிசியோவுக்கு ஓர் ஆம்புலன்ஸ் அனுப்பியிருந்தார்கள். மேயர் மகளின் கல்யாணத்தன்று அந்த வண்டி நாற்காலிகளையும் பீர்ப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றியது. அதே மதியம் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை மக்காச்சோள லாரியில் போட்டு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை வழியிலேயே பிறந்தது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

வாரப் பத்திரிகை நடத்தும் ஒப்துலியா நாற்காலிகளைப் படம் எடுத்தாள், தாயைப் பார்த்துப் பேசினாள், எழுதி அச்சகத்துக்கு அனுப்பினாள். எந்திரம் பழுது என்றார் அச்சகக்காரர். கல்யாண அழைப்பிதழ் மட்டும் எப்படி அச்சானது என்று அவள் கேட்டாள். அவர் அச்சகத்தின் கதவை இழுத்துச் சாத்தினார்.

அவள் நேரே ஃபிதென்சியோவிடம் போனாள். ஒலிபெருக்கி கட்டிய வேனில் தெருத்தெருவாக ரொட்டி விற்பவன் அவன். அந்த ஒலிபெருக்கியில் தன் செய்தியைப் படிக்க வேண்டும் என்றாள்.

"வண்டிய எரிச்சுட்டானுங்கன்னா நான் என்னக்கா பண்றது?"

"அதையும் செய்தியா படிப்பேன்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பக்கத்து ஊர் நிருபர் ஒருவர் காணாமல் போய் ஒரு வருஷமாகிறது. ஆனால் அவர் தனியாகப் போனவர். தன்னை ஊரே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை, சந்தைக் கூட்டத்தில் படிக்கத் தொடங்கினாள். சந்தையின் மூன்றாவது தெருவில் மேயரின் செயலாளர் அர்னுல்ஃபோ வேனை மறித்தான். மேயர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், மைக்கை அணைத்துவிட்டு இறங்குங்கள் என்றான். அவள் மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நான் திரிச்சு எழுதிட்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாதுல்ல? நீங்களே சொல்லிடுங்க. ஆம்புலன்சுல நாற்காலி ஏத்தினீங்களா இல்லையா?"

"ஒரே ஒரு நடைதான்க்கா..."

அவன் சொன்னது தெருக்கோடி வரை ஒலித்தது. "பீருக்கு எத்தன நடைப்பா?" என்று ஒரு தக்காளிக்காரி கேட்க, சந்தையே சிரித்தது. கூட்டத்தினர் கைப்பேசிகளில் அனுப்பிய நேரலையைச் சிகாகோவில் இருந்த ஊர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்னுல்ஃபோ ஒதுங்கி வழிவிட்டான்.

திங்கட்கிழமை ஆம்புலன்சின் சாவி ஊர்ச் சுகாதார நிலையச் செவிலியின் கைக்கு வந்தது. வண்டியை ஒப்படைப்பது முன்பே எடுத்த முடிவுதான் என்று மேயர் அலுவலகம் அறிவித்தது. அந்த அறிவிப்பையும் ஒப்துலியா ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை எந்தத் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று ஃபிதென்சியோவிடம் கேட்டாள்.