தலைவரின் இந்தி

பட்டாளத்தில் சேர்ந்த மறுவருடமே திருமுருகனை இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. அவனுடைய பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே சிப்பாய் அவன்தான். ஆகவே துப்பாக்கியைவிட அவன் வாய்க்குத்தான் வேலை அதிகம்.

ஒருநாள் யாழ்ப்பாணத்துச் சந்து ஒன்றில் கேப்டனின் ஜீப் ஒரு வீட்டு ஓலைவேலியைச் சாய்த்துவிட்டது. வீட்டுக்காரி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"நாசமாய்ப் போவான்! இவன்ர கண் அவிஞ்சு போச்சோ?"

கேப்டன் இடுப்புத் துப்பாக்கியில் கைவைத்தபடி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னால் சுட்டுவிடுவாரோ என்று திருமுருகனுக்குப் பயம்.

"வேலி கிடக்கட்டும், உங்களுக்கு அடிபடவில்லையே என்று பதறுகிறாள், சார்."

கேப்டன் கண்கலங்கிவிட்டார். பொழுது சாய்வதற்குள் சிப்பாய்கள் புது வேலியே கட்டிக்கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்று ஆலங்குடிப் பக்கம் ஊர் திரும்பிய திருமுருகன், இந்தத் திறமையை வீணாக்காமல் ஊராட்சி மன்றத் தலைவராகிவிட்டார்.

போன மாதம் குழாய் பதிக்க வந்தவர்கள் இருளாயி வாசலில் பெரிய குழியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வேலையைப் பார்வையிட வந்த அரியானாக்கார இன்ஜினீயர் ராகேஷை அவள் மடக்கினாள்.

"கட்டையில போறவனே! ஒன்னய உள்ள போட்டு மூடுறேன், இங்கிட்டு வா!"

ராகேஷ் பக்கத்தில் நின்ற தலைவரைப் பார்த்தார்.

"உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். குழியைத் தாண்டி எப்படி வருவீர்கள் என்றுதான் கவலையாம்" என்றார் தலைவர் இந்தியில்.

வீட்டுச் சாப்பாட்டைக் கண்டு மாதக்கணக்கான ராகேஷ் உருகிப்போனார். ஜேசிபியை வரவழைத்து, கூடவே நின்று குழியை மூடினார். கைகழுவிக்கொண்டு நேராக உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, இவரு பாட்டுக்கு வந்து ஒக்காந்துட்டாரு?"

"ஒங்கையால ஒரு வாய் சாப்பிட்டாத்தான் செஞ்ச பாவம் தீரும்ங்கிறாரு, தாயி."

இருளாயிக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இலை போட்டு நண்டுக்குழம்பை ஊற்றினாள். முதல் கவளத்திலேயே ராகேஷுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. செத்தேன் என்று இந்தியில் அலறினார்.

"என்னங்கிறாரு?"

"ஆத்தா ஞாபகம் வந்துருச்சாம். இன்னுங் கொஞ்சம் ஊத்து."

இப்போது ராகேஷ் வாரம் தவறாமல் அங்கேதான் சாப்பிடுகிறார். இருளாயியிடமே தமிழும் படிக்க ஆரம்பித்திருக்கிறார். போரில்கூட நிம்மதியாகக் குறட்டை விட்ட தலைவருக்குத்தான் தூக்கம் வருவதில்லை.