முடிவு தேதிப் பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வெப்சைட்டில் வந்த மஞ்சள் எச்சரிக்கையிலிருந்து வந்தது. காதல், மரணம், காவிரி எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளுக்கு முடிவே இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கொள்ளிடத்தின் மேல் மஞ்சள் வெயில் உருகி வழிந்த ஒரு மாலையில்...

சீ. வெயில் என்ன நெய்யா, உருகி வழிய? (அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

2

சமயபுரத்தில் இளவரசன் அண்ணன் லாட்ஜ் நடத்துகிறார். வருடா வருடம் கோடையில் அதன் வாசலில் அவர் மனைவி ராசாத்தி அக்கா நீர்மோர்ப் பந்தல் போடுவார். அம்மன் கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு இலவச மோர். இந்த வருடம் பந்தலையும் லாட்ஜ் வெப்சைட்டில் ஒரு நிகழ்ச்சியாகப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பக்கத்தை மனிதர்கள் படித்தால் போதாது, தேடுபொறியும் படிக்க வேண்டும். அதற்காக அதே விவரத்தை உள்ளே பெட்டி பெட்டியாக நிரப்ப வேண்டும்: பெயர், இடம், தொடக்கம், முடிவு. அதற்கென்று உள்ள கருவியில் சோதித்துப் பார்த்தால், தப்பான பெட்டிக்குச் சிவப்பு காட்டும். காலியாக விட்ட பெட்டிக்கு மஞ்சள். (சிவப்பைத் திருத்தியே ஆகவேண்டும். மஞ்சள் என்பது மாமியார் முனகல் மாதிரி; காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம்.)

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. படம் இல்லை என்றது; சேர்த்தேன். விலை இல்லை என்றது. இலவசம் என்று போட்டேன். நடத்துபவர் யார் என்றது. இளவரசன் அண்ணன் தன் பெயரைச் சொன்னார். மோர் கடைவது அக்கா. கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் மிஞ்சியது: முடிவு தேதி இல்லை.

3

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சித்திரைத் தேரோட முடியுதுன்னு போடுங்க சார். இனிமே எந்த வருஷமும் கிடையாதுன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. வாசலை ஜூஸ் கடைக்கு விடப்போறேன்."

"அக்காவுக்குத் தெரியுமாண்ணே?"

"வெப்சைட்ல பாத்துத் தெரிஞ்சுக்கட்டும் சார்."

பார்த்தீர்களா? கட்டின பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியமில்லாமல் தேடுபொறியிடம் சொல்கிற மனுஷன். நம்பும்படியான பாத்திரம் இல்லை என்று இவரைக் கதையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். [எடுக்க முடியவில்லை. போட்டாச்சா என்று கேட்டு அவரே மறுபடி போன் செய்தார்.]

போட்டேன். மஞ்சள் மறைந்தது. சாயங்காலமே ராசாத்தி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே கிடையாதுன்னு யாரு எழுதச் சொன்னது?"

"மஞ்சள் எச்சரிக்கை வந்துதுக்கா, அதான்..." என்று இழுத்தேன்.

"மஞ்சள்தானே வந்துச்சு? ஊரே மஞ்சள் கட்டிக்கிட்டு நடந்து வருது, உங்களுக்கு மட்டும் அதைப் பாத்து என்ன பயம்? அம்மனே வருஷா வருஷம் நமக்காக விரதம் இருந்து பட்டினி கிடக்கறவ. நான் ஊத்துற மோருக்கு முடிவு தேதி கேக்குதாமா உங்க மெஷினு? எடுங்க தம்பி அதை."

எடுத்தேன். தேதியும் போனதால் மஞ்சள் திரும்பி வந்தது. அண்ணன் போன், போட்டேன். அக்கா போன், எடுத்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என் வழியாகச் சண்டை போட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு நடுவிலும் விழுந்தது.

4

முடிவுகள். (பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.)

அ) அக்கா தோற்கிறார். ஜூஸ் கடை வருகிறது. இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல மோர்.

ஆ) அண்ணன் கண் கலங்கி, "ராசாத்தி, உன் மனசு தெரியாம நான்..." [அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

இரண்டுமே பொய். அதனால் பஸ் ஏறிச் சமயபுரம் போனேன்.

5

பந்தலில் நல்ல கூட்டம். அக்கா மோர் கடைந்துகொண்டிருந்தார். ஊற்றுகிற ஆள் வரவில்லையாம். அண்ணன் கையில் செம்பு, முகத்தில் கடுகடுப்பு.

"நல்லவேளை வந்தீங்க தம்பி," என்ற அக்கா, புருஷன் பக்கம் திரும்பினார். "ஏங்க, தம்பி முன்னாடியே சொல்லிடுங்க. எப்போ முடிக்கிறோம்? நீங்க வாயைத் தொறந்து சொன்னா நானே பந்தலைப் பிரிச்சுடறேன்."

நான் போனை எடுத்து அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்களும் அவரையே பார்த்தார்கள்.

"அது வந்து..." என்றார் அண்ணன்.

முன்னால் நின்ற அம்மாவுக்கு நடந்து நடந்து பாதம் கொப்பளித்திருந்தது. டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சாமி."

அண்ணன் ஊற்றினார். அடுத்தவருக்கும் ஊற்றினார். வரிசை வந்துகொண்டே இருந்தது. நான் கிளம்பும்வரை ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

6

இந்தக் கதையையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். சிவப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு மஞ்சள்: முடிவு காலியாக உள்ளது. உறுத்தினால் நீங்களே ஒரு தேதியை நிரப்பிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ராசாத்தி அக்காவிடம் அதை நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.