எட்டாவது வாளி

வாளிகள் எட்டா, ஒன்பதா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். கறுப்பு மூடி போட்டதை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்னவோ. எட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வருஷத்தில், ஒரே வீட்டில், எட்டு வகை உப்பு. அதில் ஒரு சிட்டிகைகூடச் சமையலுக்கு ஆகாது.

வீடு பல் டாக்டருடையது. பகலெல்லாம் அவர் வாயைத் திறந்தபடி கிடக்கிறவர்களோடு பேசுவார். அவர்களால் பதில் சொல்ல முடியாது. சாயங்காலம் வந்து கூடத்திலிருந்த கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் உட்காருவார். அங்கேயும் பதில் வராது. ஆனால் அந்த மௌனத்தில் ஒரு மரியாதை இருப்பதாக அவருக்குத் தோன்றும். தொட்டியில் ஒரு பவளம். கட்டைவிரல் அளவில் வாங்கியது, நாலு வருஷத்தில் கிண்ணம் அளவுக்கு வளர்ந்திருந்தது. சுகமாக இருந்தால் பச்சை விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். மூன்று வாரமாக அத்தனை விரல்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஊசியைப் பார்த்த நோயாளி மாதிரி இறுக மூடிக் கிடந்தது.

வாரம் ஒருமுறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்பு கரைத்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த உப்பு என்பதுதான் டாக்டரின் தீராத தலைவலி. சோதனைக் குப்பியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் காரத்தன்மை. ஒரு வாரம் எட்டு வரும், பவளத்துக்கு அதுதான் சுகம். அதே வாளியில் அடுத்த மாதம் பன்னிரண்டு வரும். "ஏமாத்துறானுங்க" என்று முனகிவிட்டு வேறு கம்பெனி உப்புக்குத் தாவுவார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். தையல் மிஷின் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டதால் இருவரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். சோற்றில் நூல் கிடந்த ஒரு நாள் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமை டைம் தரேன். அதுக்குள்ள உங்க பவளம் திறந்தா தொட்டி இருக்கட்டும். இல்லன்னா அந்த இடத்துல என் மிஷின்."

"எவ்ளோ திறக்கணும்?"

"நீங்க பேஷன்ட்கிட்ட சொல்வீங்களே. நல்லா, பெருசா."

முதல் ஞாயிறன்று மனைவியின் தம்பி வந்தான். கான்கிரீட் லாரி ஓட்டுகிறவன். தொட்டியைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்று பார்த்துச் சொல்ல அக்கா கூப்பிட்டிருந்தாள். பின்னறையில் எட்டு வாளிகளுக்கு நடுவே மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மாமா, உப்புக்கடை போடப்போறீங்களா?"

"எது நல்ல உப்புன்னு பாக்குறேன், மச்சான். எல்லாம் முதல்ல ஒழுங்கா இருக்கு. போகப் போக புத்தி மாறிடுது."

"மேலாக்க எடுத்துப் போடுவீங்களா?"

"பின்ன, உள்ள குதிச்சா எடுப்பாங்க?"

தம்பி ஒரு வாளியின் மேலிருந்து ஒரு பிடி அள்ளினான். அப்புறம் முழங்கை புதையக் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி. மேலே இருந்தது கரகரவென்று குருணை. அடியில் இருந்தது மாவு.

"எங்க வண்டில டிரம் ஏன் சுத்திக்கிட்டே வருது? அழகுக்கா? நிறுத்தினா ஜல்லி ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். இது அத்தனை தூரம் லாரில குலுங்கி வந்திருக்கு. பொடியெல்லாம் அடிக்குப் போயிடுச்சு. அதான் மேல ஒரு கணக்கு, அடியில ஒரு கணக்கு." மூடியைத் திருப்பி விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினான். "இதோ எழுதியிருக்கே. எடுக்கும் முன் வாளியை இருபது தடவை உருட்டவும்."

எட்டு மூடியிலும் இருந்தது. மருந்துச் சீட்டைப் படிக்காத நோயாளிகளை டாக்டர் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறார்.

"சரி, இதுல எது நல்லது?" என்றார்.

"எதுல நிறைய மிச்சமிருக்கோ அது."

கடைசியாக வாங்கிய நீல மூடி வாளிதான் அது. மூடியை இறுக்கி, நடைவழியில் படுக்கப்போட்டு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் காலால் உருட்டினார்கள். ஆறாவது தடவையில் கீழ்வீட்டு நர்ஸ் படியேறி வந்தாள். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள்.

"என்ன டாக்டர், யானைக்குப் பல் புடுங்குறீங்களா?"

"உப்பு உருட்டுறோம்க்கா" என்றான் தம்பி.

அவள் வாளியைப் பார்த்தாள். டாக்டரின் கால்களைப் பார்த்தாள். "இன்னும் எத்தனை?"

"பதினாலு."

"விட்டு விட்டு உருட்டாதீங்க. ஒரே சீரா வந்தா தூங்கிடுவேன்."

மேலாக எடுத்துக் கரைத்ததிலும் எட்டுச் சொட்டு, நடுவில் எடுத்ததிலும் எட்டு, அடியில் எடுத்ததிலும் எட்டு. டாக்டர் மூன்று குப்பிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து தினம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார்.

இரண்டாவது ஞாயிறு. மத்தியானம் வரை பவளம் அசையவில்லை. தம்பி இரண்டு ஆட்களோடும் ஒரு கயிற்றோடும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் தொட்டி முன்னால் குனிந்து, பழக்க தோஷத்தில், "ஆ காட்டு" என்று முணுமுணுத்தார். நாலு மணி சுமாருக்கு ஓரத்தில் ஒரே ஒரு பச்சை விரல் எட்டிப் பார்த்தது.

"ஒரு விரல்தானேக்கா" என்றான் தம்பி. "இதெல்லாம் கணக்குல வராது."

மனைவி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"முக்கால் இன்ச்."

"பாத்தியாக்கா?"

"நீ சும்மா இருடா. திரைச்சீலை முக்கால் இன்ச் கூடினா ஆஸ்பத்திரிக்காரங்க மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுறாங்க. அங்க முக்கால் இன்ச் பெருசுன்னா இங்கயும் பெருசுதான். கயித்தைச் சுருட்டு."

அந்த மாத முடிவுக்குள் பவளம் எல்லா விரல்களையும் நீட்டிவிட்டது. மற்ற ஏழு வாளிகளை வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் எடுத்துப்போனார். பின்னறை காலியானதும் தையல் மிஷின் அங்கே போயிற்று. இருவரும் இப்போது மேசையில் சாப்பிடுகிறார்கள். தம்பி அதே லாரியைத்தான் ஓட்டுகிறான். நர்ஸ் பகல் வேலைக்கு மாறிவிட்டாள். டாக்டர் நீல மூடி உப்பையே வாங்குகிறார். வாங்கியதும் மூடியைப் படிக்கிறார்.