பின் சீட்டுக்காரர்

நான்காவது உதையிலும் வண்டி ஒரு செருமலோடு அடங்கிவிட்டது. தையல்காரர் கிக்கரின் மேல் வைத்த காலை எடுக்காமல் மூச்சு வாங்கினார். வயது அறுபத்தெட்டு. ஐம்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால்தான். ஆனாலும் இந்த வண்டி அந்தக் காலை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவர் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கம்பி வழியாகக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, பெட்ரோல் அதிகமாயிருச்சாம். சோக்கைத் தள்ளிட்டு, சாவியை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு தடவை சும்மா மிதிக்கச் சொல்றாங்க."

"அவ பேசுறாளா?"

"உதடுதான் அசையுது. எனக்குப் புரியுது."

"வேற என்ன சொல்றா?"

மகள் அம்மாவின் உதட்டருகே குனிந்தாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது ஒழுங்கா கவனிச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பாடு இல்லையாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இப்போது அவர் இருக்க வேண்டிய இடம் இது இல்லை. மூன்று வாரமாக அந்தக் கட்டிலை விட்டு அவர் நகரவில்லை. சாப்பாடு கட்டிலோரம், குளியல் காக்காய்க் குளியல். "நான் போறப்ப பக்கத்துல இருங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்று, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் கேட்டிருந்தாள். அவளாக வாய் திறந்து அவரிடம் எதையும் கேட்டதே அபூர்வம். நேற்று டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியிருந்தும் இன்று காலை அவளேதான் அவரை வெளியே விரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் கொம்பை ஓடவிட வேண்டும். "இன்னைக்கு ஒரு நாள் விடேன்" என்றார் அவர். அவள் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். அவர் அசையாமல் இருக்கவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "அஞ்சே நிமிஷம். இந்தா வந்துட்டேன்" என்று எழுந்து வந்தார்.

கொம்பு என்பது கம்பெனி வைத்த பெயர் இல்லை. டாங்கின் இரண்டு பக்கமும் வளைந்த கொம்போடு ஒரு மலையாடு நிற்கும். கம்பெனியின் பெயர் யார் வாயிலும் நுழையாததால், மேட்டுக் குடியிருப்புகளில் எல்லோருக்கும் அது கொம்பு வண்டி. அதில் தடுப்பூசிப் பெட்டியோடு போய் இறங்கிய அவள் கொம்பு நர்ஸ். ஜீப் ஏறாத பாதைகளுக்கென்று சுகாதாரத் துறை அந்த வண்டியை வாங்கிப்போட்டபோது, ஆண் ஊழியர்கள் இரண்டு பேர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உயரம் சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவளுக்கோ சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவே எட்டாது. அதனால் என்ன, நிறுத்தப் போகிற இடத்தில் ஒரு கல் இருக்கிறதா என்று இருபது அடி முன்னாலேயே கண்ணால் தேடிவிடுவாள். கல்லில் கால் ஊன்றித்தான் அவள் முப்பது வருடம் ஊசி போட்டாள்.

முதல் கொம்பைத் துறை கழித்துக்கட்டியபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவதைச் சொந்தமாக வாங்கினாள். அது தேய்ந்து ஓய்ந்ததும் அதே கம்பெனியில் மூன்றாவது. வேறு கம்பெனி வண்டிகளை யாராவது புகழ்ந்தால், பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல, "நல்லாத்தான் இருக்கு, நமக்கெதுக்கு" என்று முடித்துவிடுவாள்.

அவருடைய கடைக்கு அவள் முதன்முதலில் வந்ததே அந்த வண்டிக்காகத்தான். துறைச் சீருடைத் துணியைக் கவுன்டரில் போட்டு, "காலைத் தூக்கிப் போட்டா கிழியக் கூடாது, முட்டியை மடக்கினா பிடிக்கக் கூடாது, எனக்கு ஒரு பேண்ட் வேணும்" என்றாள். அவர் இடுப்பளவை எடுத்துக்கொண்டு, "நீங்க எதுல உக்காருவீங்க?" என்று கேட்டார். "வெளிய நிக்குது, பாருங்க" என்றாள். அவர் வெளியே போய்ச் சீட்டின் அகலத்தையும் அளவு நாடாவால் அளந்தார். அதைப் பார்த்துத்தான் இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியதாகப் பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் பூட்டு. பனிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின் சீட்டில் ஏறிவிடுவார். பெட்டிக்கு வார் தைத்தது அவர். பதிவேட்டில் குழந்தைகளின் பெயரை எழுதியதும் அவர். வண்டி ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு வர்றான்" என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பாறை வந்தால் இரண்டு பேரும் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்பார்கள். அவள் தோளைப் பிடித்து நிற்கும்போது தெரியும் பள்ளத்தாக்கை வேறு எவன் பார்த்தான் என்று நினைத்துக்கொள்வார்.

ஏறி உட்கார்ந்ததும் அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். ஒருமுறை ஓடைக்கரையில் வார் தளர்ந்திருப்பதைப் பார்த்து இறங்கினார். பெட்டியைச் சீட்டில் வைத்துக் கட்டிவிட்டு, கொஞ்சம் பொறு என்று சொல்ல, பழக்கதோஷத்தில் தோளை இரண்டு தட்டிவிட்டார். வண்டி பறந்துவிட்டது. அவர் கத்தியது தண்ணீர் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. ஆறு கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தபோது, மரத்தடியில் தாய்மார்களை எல்லாம் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "வழி முழுக்க உங்கக்கிட்ட பேசிக்கிட்டே வந்தேங்க. குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேக்குறாரே, மனுஷன் திருந்திட்டார்னு சந்தோஷப்பட்டேன்."

இரண்டு வருடம் முன்பு நோய் வந்து அவள் வண்டியை விட்டு இறங்கினாள். ஓடாமல் நின்றால் கார்புரேட்டர் கெட்டுவிடும் என்று, வாரம் ஒருமுறை கிளப்பி ஓடவிட மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போது நிறுத்துவது என்பது அவள் பொறுப்பு. உள்ளேயிருந்து சத்தத்தைக் கேட்டு, எஞ்சின் சூடேறிச் சீரானதும் ஸ்பூனால் ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். அதற்குமுன் நிறுத்தினால் வசவு விழும்.

சாவியை ஆஃப் செய்து இரண்டு முறை சும்மா மிதித்தார். பிறகு சாவியைத் திருகி, உடம்பின் எடையெல்லாம் காலில் போட்டு ஒரு உதை. கொம்பு கிளம்பிவிட்டது.

முதலில் இரண்டு மூன்று தும்மல். பிறகு அந்தப் பழைய தடதடப்பு, சீட்டிலிருந்து முதுகெலும்பு வழியாகப் பல்வரைக்கும் ஏறியது. ஒரு நிமிடம் அவருக்கு மனைவி சாகக் கிடப்பதே மறந்துபோனது. "கேக்குதா?" என்று திரும்பாமலே கத்தினார். ஜன்னல் பக்கமிருந்து ஸ்பூன் ஒரு முறை லேசாகத் தட்டியது போலிருந்தது. கேட்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். போதும் என்றால் மூன்று தட்டு.

ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்திருந்தார். சத்தம் சீரானது. இந்நேரம் தட்டியிருக்க வேண்டும். இன்று அவளுக்கு ஆசை தீரவில்லை போலிருக்கிறது, கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார். எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, கையை உயர்த்திச் சிரித்தார். அவரும் சிரித்துத் தலையாட்டினார். கை மரத்துப்போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், அதிலும் குறை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்.

மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். கையில் ஸ்பூன்.

"நிறுத்துங்கப்பா."

"இன்னும் தட்டலையேம்மா."

மகள் கையை நீட்டிச் சாவியைத் திருகினாள்.

பிறகு நடந்ததெல்லாம் அவரைச் சுற்றி நடந்தது. முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரர்தான், சிரித்த முகத்தோடு. வண்டிச் சத்தம் கேட்டு நர்ஸம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தாராம். அறை வாசலில் அப்படியே நின்று, சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்காலிகள் வந்தன. மேட்டுக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். தன் பிள்ளைகளுக்கு அவள் ஊசி போட்டதைச் சொல்லி ஒருத்தி அழுதாள். நர்ஸம்மாவோடு வேலை பார்த்த கம்பவுண்டர், அந்த ஆறு கிலோமீட்டர் கதையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்.

தையல்காரர் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். இந்தக் கையை அந்த நேரத்தில் பிடிக்காமல், வெளியே உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தேனே என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடச் செய்யவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்போம்மா?" என்றார் அவர்.

"வண்டி கிளம்பின கொஞ்ச நேரத்துல."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல."

"வண்டிச் சத்தத்துல கத்தினாலும் கேக்காதுன்னு எழுந்தேன்பா. அம்மா என் கையை விடலை." மகள் டீயின் மேல் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினாள். "பேசிக்கிட்டிருந்தாங்க. உங்ககிட்டதான்."

அவர் நிமிர்ந்தார். "என்ன பேசினா?"

"பெட்டியைக் கெட்டியா பிடிங்க, பாறை வருது, எந்திரிச்சு நில்லுங்கன்னாங்க. வரிசையா ஊர்ப் பேரா சொன்னாங்க. அப்புறம், சத்தத்தையே காணோமே, தூங்கிட்டீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

மகள் விரலில் ஒட்டிய ஆடையை டம்ளர் விளிம்பில் துடைத்தாள்.

"முழிச்சிட்டுதான் இருக்கேன், நீ ஓட்டுன்னு சொன்னேன்பா. உங்களை மாதிரியே."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் ஒன்றாக வந்தது. டீ டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல், அதைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள்.

இருட்டுவதற்கு முன் குளிக்கப் போனார். மகள் வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். முதல் சொம்பை உடம்பில் ஊற்றியதும் "ஸ்ஸ்" என்று குளியலறையில் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"என்னப்பா, சூடா இருக்கா?"

"இல்லம்மா. காலு."

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, ஓரமெல்லாம் கொப்புளம் கட்டி, நடுவில் உரிந்திருந்தது. சைலன்சர் போகிற பக்கம். மற்ற ஞாயிறுகளில் அது சுடுவதற்குள் அவள் தட்டிவிடுவாள்.

"எவ்வளவு நேரம்பா இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க? சுடலையா?"

"தெரியலையேம்மா."

மகள் அம்மாவின் மருந்துப் பையைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். தீக்காயக் களிம்பு மேலாகவே இருந்தது. மூடியில் என்றைக்குப் பிரித்தது என்று அம்மாவின் கையெழுத்தில் தேதி. மகள் விரல் நுனியில் எடுத்து, தொடாததுபோல் தொட்டுத் தடவினாள். அவர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"ம்."

அவள் குனிந்து புண்ணின் மேல் மெல்ல ஊதினாள். அவர் காலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.