பானட்டுக்குள் மெத்தை

செந்தமிழ்செல்வன் அந்தப் பழைய பென்ஸை வாங்கிய நாளிலிருந்து அவர் மனைவி மாலதிக்கு வீட்டில் இரண்டு பேரைப் பராமரிக்கிற வேலை. ஒருவர், ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர். மற்றது, ஓய்வு பெற மறுக்கும் கார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டு வாசலில் காலையில் பானட் திறக்கும். அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஃபோம் கறுப்புப் பொடியாக இன்ஜின் மேலும் அவர் வேட்டி மேலும் கொட்டும். வருஷக்கணக்கான சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் மக்கிப்போன ஃபோம், விரல் பட்டாலே புட்டு மாதிரி உதிர்ந்தது. "காருக்குப் பொடுகு" என்றாள் மாலதி. அவர் சிரிக்கவில்லை. காரைப் பற்றி அவர் முன்னால் யாரும் சிரிக்கக் கூடாது.

மகள் கயல்விழிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கீழவீதிப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையைக் காரில் ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். சம்பந்தி பழனிவேல் புதுக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசுவதாகச் சொன்னார். செந்தமிழ்செல்வனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ!

"வாடகக் கார்ல எவன் வேணும்னாலும் வருவான் சம்பந்தி. என் மாப்ள பென்ஸ்ல வருவாரு!"

ஃபோனிலேயே பேசிப் பேசி எதிராளியைக் களைக்கவைத்து ஜெயித்தார். மாப்பிள்ளை சிலம்பரசனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எந்தக் கார் வேண்டும் என்று வாய் திறக்கவில்லை.

கயல்விழிதான் கண்கலங்கினாள். "அப்பா, வண்டி நடுரோட்ல மானத்த வாங்கிடுச்சுன்னா, அவுங்க வூட்ல காலம்பூரா பேச்சு வாங்கப்போறது நான்தான். உங்களுக்கென்ன, நீங்க கடலூருக்கு வந்துடுவீங்க."

"நான் இன்ஜினியர்மா" என்றார் அவர். இந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

ஊர்வலத்தில் இன்ஜின் சத்தம் நாதஸ்வரத்தை மீறிக் கேட்கக் கூடாதாம். அதனால் ஃபோமை மாற்றுவது என்று இறங்கினார். சூடு தாங்குகிற, வெள்ளித்தாள் ஒட்டிய ஷீட்டைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். "அதெல்லாம் ஏமாத்து வேல. ஃபோம்னா ஃபோம்தான்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குச் சீர் மெத்தை சொல்லியிருந்த கடைக்குப் போனார். மெத்தைக்கு வெட்டியதுபோக மிச்சம் கிடந்த ஃபோமைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

பழையதைச் சுரண்ட மாலதியின் தோசைத்திருப்பி போனது. துடைக்க அவளுடைய சுங்குடிப் புடவை போனது. புதியதை ஒட்டுவதற்கு, செருப்புக்குப் பூசுகிற மஞ்சள் பசை. ஒரு ராத்திரி காயவிட வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அவரோ ராகு காலம் பிறப்பதற்குள் ஆக வேண்டும் என்று, பிசுபிசுப்பு அடங்குவதற்கு முன்பே பானட்டை இழுத்து மூடி, மேலே சந்தனம் குங்குமம் வைத்தார்.

"இன்ஜினியருக்கு ராகு காலம் எதுக்குங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

மறுநாளே சிதம்பரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். புதுச்சத்திரம் தாண்டி அழுத்து அழுத்தென்று அழுத்தினாராம். "பூ மாதிரி போவுது. சத்தமே இல்ல!" காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிற வண்டிக்கும், மேளத்தின் பின்னால் ஊர்கிற வண்டிக்கும் வித்தியாசம் உண்டு என்பது அவர் படித்த படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

ஊர்வலத்தன்று பென்ஸின் முகமே தெரியவில்லை. காற்று நுழைகிற முன்பக்கத்தையும் அடைத்து, பானட் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும் சுற்றியிருந்தார்கள். செந்தமிழ்செல்வனே ஓட்டினார். நாலடி நகர்ந்தால் ஒரு வாணவேடிக்கை, அது முடிந்தால் ஒரு டான்ஸ். இன்ஜின் அணையவே இல்லை. மாலதி தாம்பாளத்தோடு பக்கத்தில் நடந்தாள்.

தெற்குவீதிக்குத் திரும்புகிற முனையில் பூக்களுக்கு நடுவிலிருந்து மெல்லப் புகை கிளம்பியது.

"சாம்பிராணி போட்டிருக்காங்கடி, என்னா ஜோரு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. வீடியோ எடுக்கிறவர், "சூப்பர் சார்! இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க!" என்று கத்தினார். செந்தமிழ்செல்வன் அவரைப் பார்த்துப் பெருமையாகக் கையசைத்தார். அதற்குள் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. மாலதி ஜன்னலோரம் ஓடினாள்.

"ஏங்க, எரியுதுங்க! அணைங்க!"

மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிலம்பரசன் குதித்திறங்கினான். "மாமா, ஆஃப் பண்ணுங்க! பானட் லிவர இழுங்க!" பூவோடு சேர்த்துப் பானட்டைத் தூக்கினான். பசை இளகி, ஃபோம் பாதி உரிந்து, கொதிக்கிற புகைக்குழாய் மேல் படுத்து உருகிக்கொண்டிருந்தது. வெறுங்கையாலேயே அதை உருவித் தரையில் எறிந்தான். யாரோ தண்ணீர் கேனைக் கவிழ்த்தார்கள். அவன் பட்டு வேட்டியெல்லாம் கரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழனிவேல் வந்தார். "நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்டேன்! பெரிய பென்ஸு! பொண்ணு குடுக்குற லட்சணமா இது?"

இதோ, மகள் பயந்த பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"பசை சரியில்ல சம்பந்தி" என்றார் செந்தமிழ்செல்வன்.

"அப்பா, மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான் சிலம்பரசன். "இந்த வண்டிதான் வேணும்னு கயல்கிட்ட நான்தான் புடிவாதமா கேட்டேன். தப்பு என்னுது."

பச்சைப் பொய். மாலதிக்கு அது தெரியும். பழனிவேல் மகனை முறைத்துவிட்டு மேளக்காரர்களைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போனான். அவன் பின்னால் நடந்த மாலதி, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளைப் பற்றி இருந்த பயம் அந்தத் தெருவிலேயே போய்விட்டது.

மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளையின் வலது கை விரல்களில் கொப்புளம், அதன் மேல் வெள்ளையாய்க் களிம்பு. தாலியை எடுத்தபோது அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த கயல்விழி, முடிச்சுப் போட வாகாகத் தானே கழுத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

செந்தமிழ்செல்வன் மனைவியின் காதருகே குனிந்தார். "பாத்தியா? மாப்ளயே புடிவாதமா கேட்ட வண்டி. ஆத்தாளும் மவளும்தான் வேணாம் வேணாம்னீங்க."

மாலதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கெட்டிமேளம் முழங்கியது.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள். "அட்சதயப் போடுங்க."