துணி கட்டிய கொடி

பன்னீர் திராட்சை கறுப்பாகத்தான் காய்க்கும். சின்னாளப்பட்டியிலிருந்து கொடைரோடு வரை எந்தப் பந்தலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாலும் கறுப்புதான். அதனால், பந்தலின் கிழக்கு மூலையில் தேன் நிறத்தில் ஒரு குலை தொங்குவதைப் பார்த்தபோது, பாண்டிச்செல்வி அதைப் பழுக்காத காய் என்றுதான் நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். அதே இனிப்பு, அதே பன்னீர் வாசம், அதே இரண்டு கொட்டை. கண்ணை மூடிக்கொண்டால் எப்போதும் தின்கிற பழம். கண்ணைத் திறந்தால் இதுவரை பார்த்தே இராத பழம்.

குலையிலிருந்து கொடியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள். சின்னக் கொடி பெரிய கிளையில் சேர்ந்தது. கிளை தண்டில் சேர்ந்தது. அதே தண்டிலிருந்து போன மற்ற கொடிகளிலெல்லாம் கறுப்புக் குலைகள். ஒட்டுக் கட்டிய தழும்பு எங்காவது இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்தப் பந்தலின் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் தேய்ந்தவள் அவள். அவளுக்குத் தெரியாமல் ஒரு கொடி இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறது. உடம்பு சிலிர்த்துப் போய் அப்படியே நின்றாள்.

மகள் ஹரிணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாதியைக் குருவி கொத்தியிருந்தது. அம்மாவும் மகளுமாக ஒவ்வொன்றாகத் தின்று, கடைசியில் வெறும் காம்புதான் மிஞ்சியது. நல்லவேளை, போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்த புருஷன் சோலைமலையிடம் அந்தப் படத்தை நீட்டினாள். சோலைமலை அவளுக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயதில் புளியங்காய்க்குச் சண்டை போட்ட காலத்திலிருந்தே நீ, வா, போதான். தாலி கட்டியும் அது மாறவில்லை.

"காயைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு பழம்ங்கிற."

"தின்னு பாத்தேன் மச்சான். அம்புட்டு இனிப்பு."

"அப்ப எவனாச்சும் ஒட்டுக் கட்டிவிட்டிருப்பான். கலப்பு. வெளிய இருந்து வராம கருப்புல எப்பிடி வெள்ளைத் திராட்சை வரும்?"

காலைக் கழுவிக்கொண்டே போகிற போக்கில் சொன்னான். சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னான். அவன் சாப்பிட்டான். அவளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

காரணம் இருந்தது. ஹரிணிக்குப் பூனைக்கண். வெயிலில் நின்றால் தேன் மாதிரி மின்னும். சோலைமலைக்கும் பாண்டிச்செல்விக்கும் கண் கன்னங்கரேல் என்று இருக்கும். பிள்ளைக்கு மூன்று வயதில் ஒரு காதுகுத்து வீட்டில் எவனோ "இது யாரு ஜாடை மாப்ள?" என்று கேட்டுச் சிரித்து வைத்தான். அன்று வீட்டுக்கு வந்த சோலைமலை, "நம்ம ரெண்டு வீட்டுலயும் இந்தக் கண்ணு கெடையாதே. எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டான். ஒரே ஒரு தடவைதான். மறுநாள் பிள்ளைக்குக் கொலுசு வாங்கி வந்தான், தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் மறந்திருக்கலாம். அவள் ஆறு வருடமாக ஒரு நாளும் மறக்கவில்லை. கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லையே அவன்!

மறுநாள் காலையில் அந்தப் படத்தை இஃப்பத்துக்கு அனுப்பினாள். இஃப்பத் தோட்டக்கலை ஆராய்ச்சியில் இருக்கிற பெண். மாவுப்பூச்சிக்கு மருந்து சொல்ல ஒரு தடவை ஊருக்கு வந்தபோது நம்பர் கொடுத்திருந்தாள். பாண்டிச்செல்வியின் போனில் அவள் பெயர் 'இஃப்பத் மேடம் பூச்சி' என்று இருந்தது. பத்து நிமிடத்தில் பூச்சி மேடமே கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒங்க பந்தல்ல மொத்தம் எத்தனை கொடி?"

"அறுநூறு இருக்கும்."

"அறுநூறு இல்லக்கா. ஒண்ணு."

பாண்டிச்செல்விக்கு விளங்கவில்லை. இஃப்பத் விளங்க வைத்தாள். பன்னீர் திராட்சையை யாரும் கொட்டை போட்டு முளைக்க வைப்பதில்லை. ஒரு கொடியிலிருந்து குச்சி வெட்டி நடுகிறோம், அது கொடியாகி அதிலிருந்து குச்சி வெட்டுகிறோம். அப்படியே பின்னால் போனால், நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு கொட்டையிலிருந்து முளைத்த ஒரே ஒரு செடியில் போய் நிற்கும். வெள்ளோட்டுப் பந்தலும் கம்பத்துப் பந்தலும் எல்லாமே அந்த ஒரு செடிதான், இன்னும் சாகாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

"அந்தச் செடியைப் பெத்ததுல ஒண்ணு கருப்பு, இன்னொண்ணு வெள்ளைக்கா. ரெண்டும் சேந்து பொறந்தது. கருப்பு ஒண்ணு இருந்தாலே பழம் கருப்பாயிரும். வெள்ளை வாயைத் தொறக்காம உள்ளயே கெடக்கும். ஒவ்வொரு துளிர் விடும்போதும் செடி நெறத்தைச் சொல்ற எழுத்தை அப்பிடியே பாத்து எழுதிக்கிட்டே வருது. கோடி தடவை சரியா எழுதிருச்சு. ஒங்க கிழக்கு மூலையில, ஒரே ஒரு மொட்டுல, கருப்புங்கிற எழுத்து மட்டும் விட்டுப் போச்சு."

"அப்ப வெள்ளை வெளிய இருந்து வரல?"

"எங்க இருந்தும் வரலக்கா. நூத்தம்பது வருசமா உள்ளயேதான் இருந்துச்சு."

பாண்டிச்செல்வி தண்ணீர்க் குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேலே அறுநூறு கொடியும் ஒன்றாக அசைந்தன. தினமும் பார்க்கிற பந்தல்தான். ஆனால் கடல் தாண்டி, யார் யார் கைமாறியோ, தன் பந்தலின் கல்லுக்கால் வரை வந்து படர்ந்திருக்கிற ஒற்றை உயிரின் அடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது. பிறகு, ஆறு வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டாள்.

"மனுசருக்கும் அப்பிடி உள்ள ஒளிஞ்சிருக்குமா? கண்ணு... அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கருப்பா இருந்து, பிள்ளைக்குப் பூனைக்கண்ணா வந்தா?"

"அது கொடி மாதிரி எழுத்து விட்டுப்போறது இல்லக்கா. அப்பாகிட்ட ஒளிஞ்சிருந்ததும் அம்மாகிட்ட ஒளிஞ்சிருந்ததும் பிள்ளைகிட்ட வந்து சேந்துக்கிரும். சொந்தத்துல கட்டினவங்களா?"

"அத்தை மகன்."

"அப்ப ஒரே ஆளுகிட்ட இருந்துகூட ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். தாத்தாவோ, தாத்தாவுக்குத் தாத்தாவோ."

பெயர் தெரியாத ஒரு ஆள். ஆணோ பெண்ணோ, எந்தக் காட்டில் உழுதாரோ, எந்த வருடம் செத்தாரோ. அந்தக் கண் மட்டும் வழியில் யார் முகத்திலும் தலைகாட்டாமல் நடந்து வந்து, என் மகள் முகத்தில் திறந்திருக்கிறது. பாண்டிச்செல்விக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷ அழுகைதான்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் சோலைமலை கேட்க மாட்டான். அவன் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஜாதி. அடுத்த காய்ப்பில் அந்தக் கொடியை அவன் முன்னால் காட்டி, ஒட்டும் இல்லை, கலப்பும் இல்லை, கறுப்புக்கு உள்ளேயே இருந்ததுதான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "அடையாளம் வச்சுக்கங்கக்கா, அந்தக் கொடி போயிறாம" என்று இஃப்பத்தும் சொல்லியிருந்தாள். பழைய சுங்குடிச் சேலையில் சிவப்பாக ஒரு முழம் கிழித்து, கொடி கிளம்புகிற இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

கவாத்து என்றால் அறுவடை முடிந்த கொடிகளை ஒட்ட வெட்டிவிடுவது. வெட்டினால்தான் புதுத் துளிரும் பூவும் வரும். அறுவடை முடிந்து, திங்கட்கிழமை கவாத்து என்று பேச்சு. மழை வரும் போலிருக்கிறது என்று வெள்ளோடு சிலுவைமுத்து தன் ஆட்களோடு சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். அன்று பாண்டிச்செல்வி ஹரிணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

திரும்பி வரும்போது பந்தல் மொட்டையாக நின்றது. கிழக்கு மூலைக்கு ஓடினாள். கொடி இருந்த இடத்தில் வெட்டுவாய் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. சிலுவைமுத்து விரலில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய சுங்குடி.

"அண்ணே, இந்தத் துணி கட்டிருந்த கொடி எங்க?"

"அதைத்தான் மொத வேலையா அடியோட தறிச்சேன் தாயி. தறிக்கும்போது கத்திரி வெரல்ல பட்டுருச்சு, அந்தத் துணியவே கட்டிக்கிட்டேன்."

"துணி கட்டிருந்தா தொடக்கூடாதுன்னு தெரியாதாண்ணே?"

சிலுவைமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன தாயி சொல்ற? துணி கட்டினா நோய்க்கொடி, அடியோட வெட்டுன்னுதான எங்க கணக்கு. முப்பது வருசமா அப்பிடித்தான் வெட்டுறோம்."

பந்தல்காரி காப்பாற்றக் கட்டியது, கவாத்துக்காரருக்கு வெட்டச் சொன்னதாகிப் போனது. யாரைக் குற்றம் சொல்ல? வெட்டின கொடிகளை முழம் முழமாக நறுக்கி, அம்பாரமாகக் குவித்து, பூச்சி பரவாமல் இருக்கத் தீ வைப்பது வழக்கம். குவியலுக்குப் பக்கத்தில் சோலைமலை தீப்பெட்டியோடு நின்றான். பாண்டிச்செல்வி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"தீ வைக்காத மச்சான்!"

கிழக்கு மூலையில் வெட்டியது குவியலில் எந்தப் பக்கம் என்று ஆட்களிடம் கேட்டு, அந்தக் குச்சிகளை மட்டும் பிரித்து எடுத்தாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே கணு. எதில் அந்த எழுத்து விட்டுப் போயிருக்கிறது என்று கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது. பழுத்தால்தான் தெரியும். பழுக்க ஒன்றரை வருடம் ஆகும். ஒவ்வொரு குச்சியையும் கையில் எடுக்கும்போது, இதுவாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு குச்சி.

"ஏ பிள்ள, ஒனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றான் சோலைமலை.

"அது கலப்பு இல்ல மச்சான். ஒனக்கு அதைக் காட்டணும்."

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்றுப் பைக்கு மண் அள்ளப் போனான். சிலுவைமுத்து போகும்போது, "என் கையால போனது, என் கையாலயும் ரெண்டு வைக்கிறேன் தாயி" என்று இரண்டு குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

பைகளில் நூற்று நாற்பது துளிர்த்தன. வேலியோரம் வரிசையாக நட்டாள். "வேலிக்கு வேலியாச்சு" என்று கிண்டல் செய்துகொண்டே சோலைமலை கம்பு நட்டுக் கம்பி இழுத்துக் கொடுத்தான். ஒரு மழைக்காலம் போனது, ஒரு கோடை போனது. அடுத்த பருவத்தில் வேலி முழுக்கப் பிஞ்சு இறங்கியது. காய் நிறம் திரும்புகிற வாரத்தில் பாண்டிச்செல்வி விடிந்ததும் வேலிக்குத்தான் போவாள். ஒன்று கறுத்தது. பத்து கறுத்தது. நூறு கறுத்தது. கடைசியாக மூன்று கொடி பச்சையாகவே நின்று அவளைப் பாடாய்ப்படுத்தின. ஒரு வெள்ளிக்கிழமை அந்த மூன்றும் கறுத்திருந்தன. மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இஃப்பத்திடம் போன் செய்து சொல்லக்கூட மனம் வரவில்லை.

நாலாம் நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சிலுவைமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் ஒரு துண்டு மூட்டை.

"நீ குடுத்த குச்சி ஒண்ணுல நல்லா கருப்பா காய்ச்சிருக்கு தாயி. இன்னொண்ணு பழுக்கவே மாட்டேங்குது. வெட்டி எறியின்னு வீட்டுக்காரி திட்டுறா. நீ ஒரு வார்த்தை பாத்துச் சொல்லு, நான் மறுபடி தப்பு பண்ண மாட்டேன்."

துண்டை அவிழ்த்தார். தேன் நிறத்தில் இரண்டு குலை.

பாண்டிச்செல்விக்குத் தொடவே பயமாக இருந்தது. எந்தக் கொடியில் வெட்டியது என்று அவருக்கே தெரியாத குச்சி, அவர் கக்கத்தில் ஏறிப்போய், அவர் வீட்டுச் சுவரோரம் தன் பாட்டுக்குத் தன் நிறத்தைக் காய்த்திருக்கிறது. வெட்டினவர் கையிலேயே வந்திருக்கிறது.

மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த சோலைமலை அதைக் கீழே வைத்தான். ஒரு பழத்தைப் பிய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். வாயில் போட்டான். கண்ணை மூடினான், திறந்தான்.

"யாராச்சும் ஒட்டுக் கட்டினீங்களாண்ணே?"

"எனக்கு வெட்டத்தானப்பா தெரியும்."

சோலைமலை பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளோட்டில் அவர் வீட்டுக்கே போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். விரல் நகத்திலெல்லாம் கொடிப்பட்டை ஒட்டியிருந்தது. சிலுவைமுத்து குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சோலைமலை பாண்டிச்செல்விக்குப் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கலப்பு இல்ல செல்வி. அடியில இருந்து நுனி வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். உள்ளயே இருந்ததுதான்."

அவள் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"நம்ம தாத்தா வழியில யாருக்காச்சும் அந்தக் கண்ணு இருந்திருக்கும், இல்ல?"

எட்டு வருடம் கழித்து வந்த கேள்வி. அவளுக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இதைச் சொல்ல ஒனக்கு ஒரு குலை திராட்சை வேண்டியிருந்துச்சா மச்சான்?"

பையைத் தோளில் மாட்டியபடி ஹரிணி வாசலில் வந்து நின்றாள். சாய்ந்த வெயில் அவள் கண்ணில் பட்டது. சோலைமலை ஒரு குலையை அப்படியே எடுத்து, பழத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குலையை அவள் இரண்டு கையிலும் வைத்து, கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்ப்பா கண்ணு கலங்கியிருக்கு?"

"மருந்து பட்டுருச்சு தாயி" என்றான்.

மருந்து டின் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.