சிவப்புக் கோட்டைத் தொட்டவை

நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. வாயைத் திறக்காதே தோர்கில், உனக்குப் புண்ணியமாகப் போகும். நூற்று நாற்பத்து...

"கேக் தீரப்போகுது, விபேக்கே!"

எண்ணிக்கை போயிற்று. விபேக்கே நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். பேராசிரியர் தோர்கில் தட்டோடு நின்றான். ஆய்வுக்கூடத்தில் வெள்ளிதோறும் வெட்டும் கேக்கை இருபத்தோரு வருடத்தில் ஒருநாளும் அவன் யாருக்கும் எடுத்து வந்ததில்லை. ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறான்.

ரத்த அழுத்தம் ஏறிப் பெருத்த எலி இதயத்தில் தசையிழைகள் தடிக்கின்றன. அவற்றுக்கு ஊட்டும் மயிரிழை ரத்தக்குழாய்களான தந்துகிகளும் ஈடுகொடுத்துப் பெருகுமா, பின்தங்குமா? பெருகும் என்பது தோர்கிலின் கட்சி. திங்கட்கிழமை பெர்கன் மாநாட்டில் மேடையேறி அதைத்தான் முழங்கப்போகிறான். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய எந்தத் தசைச் சீவல் பெருத்த இதயத்தினுடையது, எது சாதாரண இதயத்தினுடையது என்பது தந்துகிகளை எண்ணும் விபேக்கேக்குத் தெரியக் கூடாது. விடை ஒட்டிய உறைக்குள் அலமாரியில் இருக்கிறது. நுண்ணோக்கியில் தெரியும் எண்ணும் கட்டத்துக்கு இரண்டு பக்கம் பச்சைக் கோடு, இரண்டு பக்கம் சிவப்புக் கோடு.

"அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடுறதையும் சேர்த்து எண்ணேன். சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது, பாவம்."

"பச்சையைத் தொட்டா உள்ள, சிவப்பைத் தொட்டா வெளிய. நீ சொல்லிக்குடுத்த சட்டம்தானே?"

"எல்லாத்துலயும் வேணாம். பதிமூணு, பத்தொம்போது, இருபத்தாறு. அந்த மூணுல மட்டும்."

மூன்றிலும் தந்துகிகள் அரிதாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

"அது என்ன, அந்த மூணு மட்டும்?"

தோர்கிலின் காதுகள் சிவந்தன.

"உறையைப் பிரிச்சியா?"

"சத்தியமா பிரிக்கல. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். பிப்ரவரி மாசத்துல டென்மார்க்ல வெயில் அடிச்சா அது என் தப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. சிரித்துவிட்டால் அடுத்து 'சரி' என்று சொல்லிவிடுவாள். அவளுடைய சிரிப்பும் சம்மதமும் எப்போதும் கைகோத்துக்கொண்டுதான் வரும். இப்படிச் சிரித்தபடிதான் நாத்தனாரின் நாயை ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருடமாகிறது, நாய் இன்னும் அவள் சோபாவில்தான் படுத்திருக்கிறது.

"இருபது வருஷமா பெருகும்னு சொல்லிட்டேன் விபேக்கே. இப்பப் போயி பின்தங்குதுன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

"இருக்கிற மூஞ்சியோடதான்."

"அம்மா தாயே, மூணே மூணு சீவல்! அரை மணி நேர வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

விபேக்கே அவனைப் பார்த்தாள். மோவாயில் கிரீம் ஒட்டியிருந்தது. கெட்டவன் இல்லை; இருபது வருடமாக ஒரே ஆசையை வளர்த்து அதற்குள்ளேயே மூச்சுத் திணறுகிறவன். பாவமாகத்தான் இருந்தது. பாவப்படுவதும் ஒத்துக்கொள்வதும் வேறு வேறு என்பது ஐம்பத்து நான்கு வயதில்தான் அவளுக்கு விளங்கியது.

கேக் தட்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மாட்டேன், தோர்கில்" என்றாள். குரல் அத்தனை தணிவாக இருந்ததால் அவன் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.